காலாவதி என்று திரை காட்டிய ஆக்கவுரிமை: ஒரு பனங்களி இயந்திரமும் அமெரிக்கத் திகதிக் கணக்கும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஓர் இரும்புப் பட்டறை. பனம்பழத்திலிருந்து களி பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. துருப்பிடிக்காத உருக்கு உருளை, அதன் மேல் நைலோன் தூரிகைக் கீற்றுகள், சுற்றிவரத் துளைத்தகடு, தலைமேல் பழம் போடும் சரிவான வாய், அதாவது ஹொப்பர். தோலுரித்த பழத்தைப் போட்டுத் தண்ணீர் விட்டால் கொட்டையும் தும்பும் ஒரு பக்கமும் களி மறுபக்கமும் வரும். பினாட்டு, அதாவது காயவைத்த பனங்களி, போடுபவர்களுக்காகச் செய்த இயந்திரம் மாம்பழத்துக்கும் நன்றாக ஓடியது. 2025 ஓகஸ்டில் நியூ ஜேர்சியில் மாம்பழக்கூழ் அடைக்கும் ஒருவர் ஆறு இயந்திரம் கேட்டார். ஒக்ரோபர் கடைசியில் கொழும்பில் கப்பலேற வேண்டும் என்றார். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்: இதே மாதிரித் தூரிகை உருளைக்கு அமெரிக்காவில் பேற்றன்ட், அதாவது ஆக்கவுரிமை, இருக்கிறதாமே, அது முடிந்துவிட்டதா?

பட்டறையும் கொள்வனவாளரும் கீழே வரும் ஆக்கவுரிமைக் குடும்பமும் கணக்கைக் காட்டுவதற்காக அமைத்த மாதிரி. சட்டப் பிரிவுகள், தீர்ப்புகள், கட்டணங்கள், நாள் எண்ணும் முறை ஆகியவை நடைமுறையில் உள்ளவை.

திரையில் கண்டது

பட்டறைக்காரர் கூகிள் பேற்றன்ட்ஸில் தேடினார். தூரிகை உருளைக்கான ஆக்கவுரிமை கிடைத்தது. பக்கத்தில் "காலாவதி, கட்டணம் தொடர்பானது" என்ற குறிப்பு இருந்தது. பதினோராம் ஆண்டுக்குப் பிறகு உரிமையாளர் கட்டணம் கட்டவில்லை. அப்படியென்றால் அனுப்பலாம் என்று முடிவுகட்டி, விலைமனுவும் எழுதிவிட்டார். அதன்பிறகுதான் கோப்பு எங்களிடம் வந்தது.

அந்தக் குறிப்பு பொய்யில்லை. ஆனால் அது ஓர் ஆக்கவுரிமையைப் பற்றி மட்டுமே சொன்னது. அமெரிக்காவில் ஒரு கண்டுபிடிப்புக்கு ஒன்று மட்டும் இருப்பது அபூர்வம். ஒரு விண்ணப்பத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று தொடர் விண்ணப்பங்கள் கிளைக்கும்; எல்லாம் சேர்ந்தது ஒரு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம், தனி உரிமைக்கோரல்கள் (எது தனக்குரியது என்று எழுதிய வரிகள்), தனிக் கட்டணக் கணக்கு, தனி முடிவுத் திகதி. கூகிள் தன் பக்கத்திலேயே சட்டநிலை என்பது அனுமானம்தான், சட்ட முடிவு அல்ல என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை வாசிப்பவர் குறைவு.

முதலில் எந்த நாடு என்று கேட்க வேண்டும்

ஆக்கவுரிமை நாட்டோடு கட்டுப்பட்டது. அமெரிக்க ஆக்கவுரிமை கொக்குவிலில் இயந்திரம் செய்வதையோ சாவகச்சேரியில் விற்பதையோ தடுக்காது. அது அமெரிக்காவுக்குள் செய்தல், பயன்படுத்தல், விற்றல், விற்பனைக்கு முன்வைத்தல், அங்கே இறக்குமதி செய்தல் ஆகியவற்றையே தடுக்கும். இலங்கையில் ஆக்கவுரிமை இருந்தால்தான் இங்கே செய்வது சிக்கல். ஏற்றுமதிக்கென்று செய்தாலும் செய்தல் செய்தல்தான்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையில் ஆயுட்காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டு. அலுவலகம் தாமதித்ததற்காக நாள் கூட்டுவதில்லை. அமெரிக்க மாதிரித் தொடர் விண்ணப்பமும் இல்லை. ஒரு விண்ணப்பத்தைப் பிரிக்கலாம். பிரித்ததும் மூல விண்ணப்பத்தின் திகதியோடேயே ஓடும். ஆண்டுக் கட்டணம் தவறினால் மேலதிகக் கட்டணத்தோடு ஆறு மாதம் தருவார்கள், அதன்பின் உரிமை போய்விடும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டில் இந்தக் குடும்பத்தின் பெயரில் எதுவும் இல்லை. பல நாடுகளுக்கும் பொதுவாகப் போட்ட சர்வதேச விண்ணப்பத்தை அவர்கள் இலங்கைக்குள் கொண்டுவரவேயில்லை. ஆகவே கொக்குவிலில் வெட்டலாம், வளைக்கலாம், ஒட்டலாம். மிச்சமிருப்பது நியூ ஜேர்சித் துறைமுகம் பற்றிய கேள்விதான்.

குடும்பத்தை வரைதல்

திரைக் குறிப்பை மூடிவிட்டு ஒவ்வொரு ஆக்கவுரிமையின் முதற்பக்கத்தையும் எடுக்க வேண்டும். இடப்பக்கத்தில் சிறிய எழுத்தில் அடைப்புக்குறிக்குள் எண்கள் இருக்கும். (22) விண்ணப்பித்த நாள். (45) வழங்கிய நாள். (60) தற்காலிக விண்ணப்பம், அதாவது திகதியைப் பிடித்து வைக்க முதலில் போடுவது. (63) எதனுடைய தொடர்ச்சி என்பது. (30) வெளிநாட்டு முன்னுரிமை, அதாவது வேறு நாட்டில் முதலில் போட்ட விண்ணப்பத்தின் திகதி. (86) சர்வதேச விண்ணப்ப இலக்கம். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதினால் குடும்ப மரம் வந்துவிடும். பிறகு அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்தின் பேற்றன்ட் சென்ரர் தளத்தில் அதே இலக்கத்தைப் போட்டு, தொடர்ச்சிப் பட்டியலை மேலும் கீழும் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தாய் தெரியும். கீழே பார்த்தால்தான் பிள்ளைகள் தெரியும். பட்டறைக்காரர் பார்த்தது தாயை மட்டும்.

பட்டியலில் வந்தவை இவை. 2004 ஜூன் 15 ஒரு தற்காலிக விண்ணப்பம். 2005 ஜூன் 14 ஒரு சர்வதேச விண்ணப்பம்; அது 2006 டிசம்பர் 15 அன்று, 2004 திகதியிலிருந்து எண்ணும் 30 மாதக் கெடுவின் கடைசி நாளில், அமெரிக்க தேசிய கட்டத்துக்குள், அதாவது அமெரிக்க அலுவலகத்தின் பரிசோதனைக்குள், வந்து 2010 மார்ச் 9 இல் ஆக்கவுரிமையானது. இதைத் தாய் என்போம். தாயின் தொடர் விண்ணப்பம் 2010 மார்ச் 2 இல் போடப்பட்டு 2014 மே 13 இல் வழங்கப்பட்டது. இது மூத்த பிள்ளை. மூத்த பிள்ளையிலிருந்து புதுச்சேர்க்கையோடு ஒரு தொடர் விண்ணப்பம் 2014 மே 6 இல் போடப்பட்டு 2017 ஓகஸ்ட் 15 இல் வழங்கப்பட்டது. இது இளையது. இவற்றோடு ஒட்டாமல், அதே உரிமையாளர் பெயரில் ஹொப்பரின் வடிவத்துக்கு, அதாவது வேலை செய்யும் விதத்துக்கு அல்ல, தோற்றத்துக்கு மட்டும், ஒரு வடிவமைப்பு ஆக்கவுரிமை: விண்ணப்பம் 2015 மார்ச் 10, வழங்கியது 2016 நவம்பர் 8.

தாய்: எங்கிருந்து எண்ணுவது

நான்கு திகதிகள் கண்ணில் படுகின்றன: 2004, 2005, 2006, 2010. எதிலிருந்து இருபது?

அமெரிக்கச் சட்டக்கோவையின் 35 ஆம் தலைப்பு, 154 ஆம் பிரிவு விடை தருகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. விண்ணப்பம் தனக்கு முந்திய சாதாரண அமெரிக்க விண்ணப்பத்தையோ அமெரிக்காவைக் குறித்த சர்வதேச விண்ணப்பத்தையோ தொடர்ச்சியாகச் சுட்டினால், அந்தச் சங்கிலியில் மிக முந்தியதிலிருந்து 20 ஆண்டு. ஆனால் வெளிநாட்டு முன்னுரிமையும் தற்காலிக விண்ணப்பமும் இந்தக் கணக்கில் சேராது. இந்த விடயத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது. முன்னுரிமை, கண்டுபிடிப்பின் புதுமையை முந்திய திகதிக்குக் கொண்டுபோகும், ஆயுளில் ஒரு நாளையும் தின்னாது. தொடர்ச்சி அதேபோல முந்திய திகதியைத் தரும், ஆனால் அதற்கு விலையாக ஆயுளைத் தின்னும்.

ஆகவே 2004 கணக்கில் இல்லை. தேசிய கட்டத்துக்கு வந்த 2006 உம் இல்லை. சர்வதேச விண்ணப்பத்தின் நாளே அமெரிக்க விண்ணப்ப நாள். வழங்கிய 2010 பழைய முறைக்குரியது. 1995 ஜூன் 8 க்கு முன் போட்ட விண்ணப்பங்களுக்கு வழங்கியதிலிருந்து 17 அல்லது விண்ணப்பித்ததிலிருந்து 20, எது நீளமோ அது. அந்தக் கிளைக் கணக்கு இன்றைக்கு மிக அரிதாகத்தான் தேவைப்படும். எனவே தாயின் அடிப்படை முடிவு 2025 ஜூன் 14. அது சனிக்கிழமை. கட்டணமோ பதிலோ கொடுக்கும் கெடு வாரவிடுமுறையில் விழுந்தால் திங்கட்கிழமைக்கு நகரும், ஆயுட்காலம் நகராது.

இனித் தாமத ஈட்டு நாட்கள். அலுவலகம் 14 மாதத்துக்குள் முதற் பரிசோதனைக் கடிதம் அனுப்ப வேண்டும், பதிலுக்குப் பதில் 4 மாதத்துக்குள் தர வேண்டும், மொத்தம் 3 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பிந்திய நாட்கள் ஆயுளில் கூட்டப்படும். இரண்டு தாமதங்கள் ஒரே நாட்களில் விழுந்தால் ஒருமுறைதான் எண்ணலாம். விண்ணப்பதாரர் 3 மாதத்துக்கு மேல் எடுத்த நாட்கள் கழியும்.

தாயின் கோப்பைப் பார்ப்போம். தேசிய கட்டம் 2006 டிசம்பர் 15. பதினான்கு மாதம் 2008 பெப்ரவரி 15 இல் முடிந்தது. முதற் கடிதம் வந்தது 2008 ஜூலை 15. பெப்ரவரி 16 முதல் எண்ணினால், நெட்டாண்டாதலால் பெப்ரவரியில் 14, பிறகு 31, 30, 31, 30, ஜூலையில் 15: மொத்தம் 151 நாள். மூன்று ஆண்டு 2009 டிசம்பர் 15 இல் முடிந்தது. வழங்கியது 2010 மார்ச் 9. டிசம்பரில் 16, ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 9: 84 நாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை, ஆகவே 235. விண்ணப்பதாரர் ஜூலை 15 கடிதத்துக்கு ஒக்ரோபர் 15 க்குள் பதில் தராமல் நவம்பர் 7 இல் தந்தார். 23 நாள் கழிவு. மிச்சம் 212. முதற்பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு அச்சிட்ட எண்ணும் 212.

அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பலாகாது. மறுவிசாரணை கேட்டு எண் மாறியிருக்கலாம், திருத்தச் சான்றிதழ் பின்னால் ஒட்டியிருக்கலாம். நாள் மேற்கவிதல் பற்றிய வயத் எதிர் கப்போஸ் தீர்ப்பு 2010 இலும், நிராகரித்த பின்னும் தொடர்ந்து பரிசோதிக்க விண்ணப்பதாரர் கேட்ட காலம் பற்றிய நொவார்ட்டிஸ் எதிர் லீ தீர்ப்பு 2014 இலும் வந்த பிறகு அலுவலகம் தன் கணக்கையே மாற்ற வேண்டி வந்தது. கோப்பிலுள்ள திகதிகளை வைத்துக் கையால் ஒருமுறை கூட்டிப் பார்க்க அரை மணிநேரம் போதும்.

2025 ஜூன் 14 உடன் 212 நாள்: 2026 ஜனவரி 12. இதுதான் தாயின் முழு ஆயுட்காலம். இந்தத் திகதி இனித் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் தாய் அதுவரை வாழவில்லை. அமெரிக்காவில் பேணுகைக் கட்டணம், அதாவது ஆக்கவுரிமையை உயிரோடு வைத்திருக்கக் கட்டுவது, வழங்கியதிலிருந்து 3½, 7½, 11½ ஆண்டில். 2025 ஜனவரி 19 முதல் முழுக்கட்டணம் முறையே 2,150, 4,040, 8,280 டொலர். சிறு நிறுவனங்களுக்கு 60 வீதமும் நுண் நிறுவனங்களுக்கு 80 வீதமும் குறையும். கெடு தவறினால் மேலதிகக் கட்டணத்தோடு ஆறு மாதம். தாயின் 11½ ஆண்டு 2021 செப்ரெம்பர் 9. ஆறு மாதமும் தாண்டி 2022 மார்ச் 9 இல் காலாவதி. திரையில் கண்ட குறிப்பு இதுதான். இப்படிப் போன ஆக்கவுரிமையைத் தவறுதலான தாமதம் என்று மனுப்போட்டு உயிர்ப்பிக்கவும் வழியுண்டு. இடைக்காலத்தில் நம்பித் தொழில் தொடங்கியவருக்குச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தந்தாலும், "கட்டணத்தால் காலாவதி" என்பதை முழு முடிவாக எடுக்கக்கூடாது.

மூத்த பிள்ளை: உண்மையான தடை

தொடர் விண்ணப்பம் செல்லுபடியாக வேண்டுமானால் அது போடப்படும் நேரத்தில் தாய் உயிரோடு விண்ணப்பமாக இருக்க வேண்டும்: வழங்கப்பட்டிருக்கவும் கூடாது, கைவிடப்பட்டிருக்கவும் கூடாது. கண்டுபிடிப்பாளரில் ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். விண்ணப்பத் தரவுத் தாளில் தாயின் இலக்கத்தைச் சரியாகச் சுட்ட வேண்டும். வழங்கும் நாளிலேயே போட்டாலும் போதும் என்று 2016 இல் இமேர்ஷன் எதிர் எச்ரிசி வழக்கில் தீர்ந்தது. அடுத்த நாள் போட்டால் சங்கிலி அறும். அமெரிக்க ஆக்கவுரிமைகள் செவ்வாய்க்கிழமைதான் வழங்கப்படும். இங்கே தாய்க்கு ஒரு வாரம் முன்னால் போட்டிருக்கிறார்கள். சங்கிலி உறுதி.

சங்கிலியின் முதற்கண்ணி 2005 ஜூன் 14. ஆகவே 2010 இல் போட்டாலும் 2014 இல் வழங்கினாலும் மூத்த பிள்ளையின் அடிப்படை முடிவும் 2025 ஜூன் 14 தான். புதிதாக இருபது கிடையாது. முதற்பக்கத்தில் 437 நாள் ஈடு அச்சிட்டிருந்தது. சரிபார்த்தோம்: மூன்று ஆண்டு 2013 மார்ச் 2 இல் முடிந்தது, மார்ச் 3 முதல் 2014 மார்ச் 2 வரை 365, பிறகு 29, 30, 13. மொத்தம் 437. கூட்டினால் 2026 ஓகஸ்ட் 25.

இங்கே அவசரப்பட்டால் பட்டறை வீணாக ஏழு மாதம் காத்திருக்கும். அதே நட்சத்திரக் குறிப்பின் கீழே இன்னொரு வரி: "இந்த ஆக்கவுரிமை இறுதிக்காலத் துறப்புக்கு உட்பட்டது." ஒரே உரிமையாளர் ஒரே கண்டுபிடிப்பைச் சொல் மாற்றி இரண்டாம் முறை பெற்று ஆயுளை நீட்டக்கூடாது என்பது இரட்டை ஆக்கவுரிமைத் தடை. பரிசோதகர் அந்தத் தடையைக் காட்டினால் விண்ணப்பதாரர் தாய் முடியும் நாளுக்குப் பிந்திய காலத்தைத் துறந்து எழுதிக் கொடுப்பார். துறந்த நாளுக்கு அப்பால் தாமத ஈடு நீட்டாது என்று 154 ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே 437 நாளில் 212 மட்டுமே பயன்படும். மூத்த பிள்ளை முடிவது 2026 ஜனவரி 12.

பட்டறைக்காரரின் அடுத்த கேள்வி நியாயமானது: தாய் 2022 இலேயே போய்விட்டதே, அப்படியானால் பிள்ளையும் அன்றே போயிருக்க வேண்டாமா? இல்லை. அலுவலகத்தின் வழமையான துறப்புப் படிவம் தாயின் *முழு சட்டபூர்வ ஆயுளுக்கு* அப்பாலுள்ளதையே துறக்கிறது. பேணுகைக் கட்டணம் கட்டாமல் தாய் காலாவதியானால் பிள்ளையின் காலம் குறையாது என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கும். ஆனாலும் படிவம் என்று எண்ணி விட்டுவிடாமல், கோப்பில் கையொப்பமிட்ட துறப்பைத் திறந்து வாசிக்க வேண்டும். சிலர் சொந்தச் சொற்களில் எழுதியிருப்பார்கள். துறப்பில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: தாயும் பிள்ளையும் ஒரே உரிமையாளரிடம் இருக்கும்வரைதான் பிள்ளையை நடைமுறைப்படுத்தலாம். உரிமைமாற்றப் பதிவேட்டில் இரண்டும் ஒரே பெயரில் இருந்தன.

பேணுகைக் கட்டணம்? 3½ உம் 7½ உம் கட்டியாயிற்று. 11½ ஆண்டு 2025 நவம்பர் 13 இல் விழுகிறது. கட்டாமல் விட்டாலும் சலுகைக்காலம் 2026 மே 13 வரை ஓடும், அதற்குள் ஆயுளே முடிந்துவிடும். சலுகைக்காலத்தில் ஆக்கவுரிமை நடைமுறையில்தான் இருக்கும். டிசம்பரில் யாராவது "கட்டணம் கட்டப்படவில்லை" என்று பதிவைக் காட்டினால் அதை நம்பிக் கப்பலேற்ற வேண்டாம் என்று கோப்பில் தடித்த எழுத்தில் குறித்தோம்.

இளையது: கடைசியில் வந்து முதலில் முடிந்தது

இளையதில் தும்பைச் சீவிவிடும் ஒரு சுழல் சீப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. புதுச்சேர்க்கைக்கு அதன் சொந்தத் திகதி, 2014 மே 6, தான் புதுமைத் திகதி. ஆனால் ஆயுள் மட்டும் 2005 இலிருந்து. விண்ணப்பம் போட்ட நாளிலேயே பதினோரு ஆண்டு ஆயுள்தான் மிச்சம். மூன்று ஆண்டு தாண்டி 101 நாள் பிந்தி வழங்கினாலும் ஈடு பூச்சியம். விண்ணப்பதாரர் 2016 செப்ரெம்பர் 12 இல் தொடர்ந்து பரிசோதிக்கக் கேட்டார், 2017 மே 1 இல் அனுமதிக் கடிதம் வந்தது. அந்த இடைக்காலம் மூன்றாண்டுக் கணக்கில் சேராது, அது 101 ஐ விடப் பெரிது. இளையது 2025 ஜூன் 14 இல் முடிந்துவிட்டது.

சுழல் சீப்பு உண்மையில் தனியாக நிற்கக்கூடிய கண்டுபிடிப்பு. தாயைச் சுட்டாமல் தனி விண்ணப்பமாகப் போட்டிருந்தால் 2034 வரை ஓடியிருக்கும். ஆனால் அப்போது தாயின் சொந்த வெளியீடே அதற்கு எதிரான முன்னறிவாக, அதாவது ஏற்கனவே வெளியான தகவலாக, வந்து நிற்கும்; சீப்பு அதைத் தாண்டிப் புதுமையாக நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்கும் என்றால் தொடர்ச்சி கோருவது நட்டம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தொடர்ச்சிக் கோரலை நீக்கவும் முடியும். நீக்கினால் ஆயுள் நீளும், ஆனால் புதுமைத் திகதி பிந்தியதாகிவிடும். இப்போது இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது: சங்கிலியின் முதற் திகதியிலிருந்து 6 ஆண்டு தாண்டிப் போடும் தொடர் விண்ணப்பத்துக்கு 2,700 டொலரும், 9 ஆண்டு தாண்டினால் 4,000 டொலரும் மேலதிகம்.

இளையது முன்னதாக முடிந்ததால் மூத்த பிள்ளையின் ஈட்டு நாட்களும் ஆட்டங்காணுமா என்று கொள்வனவாளரின் சட்டத்தரணி கேட்டார். 2023 இல் செலெக்ட் தீர்ப்பு, இரட்டைத் தடையைப் பார்க்கும்போது ஈட்டு நாட்கள் கூட்டிய பிறகு வரும் முடிவுத் திகதியையே வைக்க வேண்டும் என்றது. 2024 இல் அலர்கன் எதிர் எம்எஸ்என் தீர்ப்பு, குடும்பத்தில் முதலாவதாகப் போட்டு முதலாவதாக வழங்கிய ஆக்கவுரிமையைப் பின்னால் வந்து முன்னால் முடிந்த பிள்ளையை வைத்துச் சாய்க்க முடியாது என்றது. மூத்த பிள்ளை முதலாவது அல்ல. எனவே வாதத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் இளையதின் உரிமைக்கோரல்கள் சீப்பைப் பற்றியவை, மூத்ததின் கோரல்கள் உருளையைப் பற்றியவை. இரண்டும் ஒன்றே என்று காட்டுவது கடினம். ஏழு மாதத்தை மிச்சம்பிடிக்க அமெரிக்க நீதிமன்றத்தில் வாதிடும் செலவு ஆறு இயந்திரத்தின் விலையைவிடப் பலமடங்கு. அந்த வழியை மூடினோம்.

மருந்து போன்ற ஒழுங்குபடுத்திய பொருட்களுக்கு அனுமதித் தாமதத்துக்காக 5 ஆண்டு வரை தனி நீடிப்பு உண்டு, அனுமதிக்குப் பிறகு மொத்தம் 14 ஆண்டைத் தாண்டாமல். களி இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

ஹொப்பர்

எல்லாரும் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வடிவமைப்பு ஆக்கவுரிமை கண்ணில் படவில்லை. அது வேறு கணக்கு: விண்ணப்பத்திலிருந்து அல்ல, வழங்கியதிலிருந்து எண்ண வேண்டும். 2015 மே 13 அன்றோ அதன்பின்னோ போட்டவற்றுக்கு 15 ஆண்டு, அதற்கு முன் போட்டவற்றுக்கு 14. இது 2015 மார்ச் 10 இல் போட்டது. ஆகவே 2016 நவம்பர் 8 இலிருந்து 14: முடிவு 2030 நவம்பர் 8. வடிவமைப்புக்குப் பேணுகைக் கட்டணம் இல்லை. ஆகவே கட்டணம் தவறிச் சாகும் வாய்ப்பும் இல்லை.

அதன் வரைபடங்களில் முழுக்கோட்டில் வரைந்தது மட்டுமே உரிமை. புள்ளிக்கோடு சூழலைக் காட்டுவது. முழுக்கோட்டில் இருந்தது ஹொப்பரின் முன்முகம்: இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்து, நடுவில் தாழ்ந்த உதடு. கொக்குவில் இயந்திரத்தின் ஹொப்பரும் கிட்டத்தட்ட அதே முகம், எங்கோ ஒரு காணொளியில் கண்டு வெட்டியது. சாதாரணமாகப் பார்க்கும் ஒருவர் இரண்டையும் ஒன்றென எண்ணுவாரா என்பதே சோதனை. எண்ணுவார்.

தீர்வு மலிவானது. வளைவை விட்டு நேர்ச்சரிவான நான்கு தகடு, உதடு இல்லாமல் மட்டமான விளிம்பு, மூலையில் மடிப்பு. தகடு வெட்டும் வார்ப்புரு ஒன்றும் மடிப்பு வேலையும்தான் செலவு. பழம் இறங்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. உருளையைப் போல மாற்றமுடியாத இடத்தில் காத்திருக்க வேண்டும். ஹொப்பரைப் போல மாற்றக்கூடிய இடத்தில் மாற்றிவிட வேண்டும்.

எழுதிய முடிவு

2026 ஜனவரி 12 திங்கட்கிழமை நள்ளிரவு வரை மூத்த பிள்ளை நடைமுறையில். ஒக்ரோபர் கடைசியில் ஏறும் கப்பல் டிசம்பரில் அங்கே இறங்கும், அது மீறல். மாதிரிக்கு ஒன்று மட்டும் முன்னே அனுப்பலாமா என்ற கேள்விக்கும் விடை இல்லை என்பதே. ஒரு இயந்திரத்தின் இறக்குமதியும் இறக்குமதி, சோதித்துப் பார்ப்பதும் பயன்பாடு. சோதனையைக் கொக்குவிலில் வைத்து, மாம்பழம் போட்டு, மணிக்கு எத்தனை கிலோ என்று நிறுத்துக் காணொளி அனுப்பலாம்.

விலைமனு கொடுத்தது குற்றமா? அமெரிக்கச் சட்டத்தின் 271 ஆம் பிரிவு, விற்பனைக்கு முன்வைத்தல் என்பதை ஆக்கவுரிமை முடியும் முன் நடக்கப்போகும் விற்பனைக்கான முன்வைப்பு என்று வரையறுக்கிறது. ஆகவே பழைய மனுவை மீளப்பெற்று, விற்பனை 2026 ஜனவரி 13 க்குப் பிறகே என்று வெளிப்படையாக எழுதிய புதிய மனு அனுப்பப்பட்டது. முற்பணம், உறுதிப்படுத்தல், உடைமை மாற்றம் மூன்றும் அந்தத் திகதிக்குப் பின். கொழும்பைவிட்டுக் கப்பல் புறப்படும் நாளும் அதன்பின்னாகவே இருக்கட்டும் என்றோம். நடுக்கடலில் நாட்களைக் கணக்குப் பண்ணி விளையாடத் தேவையில்லை. காலம் முடிந்த பிறகும் முந்திய மீறலுக்காக ஆறு ஆண்டு பின்னோக்கி நட்டஈடு கேட்கலாம். அதனால்தான் ஒரு மாதிரி இயந்திரம்கூட முன்னே போகக்கூடாது.

ரொறன்ரோவிலிருந்தும் இரண்டு பேர் விசாரித்தார்கள். கனடாவில் தொடர் விண்ணப்பம் இல்லை, பிரிவு விண்ணப்பம் மட்டும். ஆயுள் விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு, கட்டணம் ஆண்டுதோறும். தாமத ஈடு 2025 ஜனவரி 1 இல்தான் அங்கே வந்தது, அதுவும் 2020 டிசம்பர் 1 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு மட்டும். ஆகவே இந்தக் குடும்பம் கனடாவுக்குப் போயிருந்தாலும் 2025 ஜூன் 14 உடன் முடிந்திருக்கும். வடிவமைப்புப் பதிவைத் தனியாகத் தேட வேண்டும்.

பட்டறையின் சொந்தக் கீற்று

கோப்பைப் புரட்டியபோது இன்னொன்று வெளிப்பட்டது. கொக்குவில் உருளையில் நைலோன் கீற்றுகளைச் சரித்துப் பூட்டியிருக்கிறார்கள், பனந்தும்பு உருளையில் சுற்றிக்கொள்ளாமல் தானே வெளியே நழுவுவதற்கு. மேலே பார்த்த மூன்றிலும் இது இல்லை. இதற்கு இவர்களே விண்ணப்பிக்கலாம்.

யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஜனவரியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியில் ஓட்டிக் காட்ட எண்ணியிருந்தார்கள். காட்டிய பிறகும் இலங்கையிலும் அமெரிக்காவிலும் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படியான சலுகை இல்லை. காட்டிய அன்றே புதுமை போய்விடும். ஆகவே முதலில் கொழும்பில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. 2026 ஜனவரி 5 இல் இலங்கையில் போட்டால் இலங்கை உரிமை 2046 ஜனவரி 5 இல் முடியும். அதை முன்னுரிமையாகச் சுட்டி 2027 ஜனவரி 5 க்குள் சர்வதேச விண்ணப்பம் போட்டு, 2028 ஜூலை 5 க்குள் அமெரிக்க தேசிய கட்டத்துக்குப் போனால், அமெரிக்க உரிமை 2047 ஜனவரி 5 வரை. முன்னுரிமை ஆண்டு ஆயுளைத் தின்னாது என்பதால் வரும் ஓராண்டு அது. பின்னால் கீற்றின் கோணத்தை மாற்றி ஏதாவது மேம்படுத்தினால், அதைத் தொடர்ச்சியாகப் போடுவதா தனி விண்ணப்பமாகப் போடுவதா என்பதை முதல் விண்ணப்பம் வெளியாகும் 18 ஆம் மாதத்துக்கு முன் தீர்மானிக்க வேண்டும். வெளியான பிறகு அதுவே இவர்களுடைய அடுத்த விண்ணப்பத்துக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் நாள் தொலைவில் இல்லை.